பாம்பில்லாத தீவு

ஆங்கிலேயருக்குள் பெரிய மேதாவி என்று பெயரெடுத்த டாக்டர் ஜான்சன், ஒரு புத்தகத்தின் ஓர் அத்தியாயம் முழுவதையும் பார்க்காமலேயே ஒப்பிக்கத் தம்மால் முடியும் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வாராம். புத்தகம் ஐஸ்லாந்துத் தீவைப் பற்றியது. அத்தியாயத்தின் விஷயம் பாம்புகள். தீவின் எந்த மூலையிலும் பாம்பு கிடையாது என்கிற ஒரே வாக்கியத்துடன் அந்த அத்தியாயம் முடிந்துபோகிறது!

இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தவர்கள் அநேகர். இல்லாத பாம்புக்கு ஒரு மனிதர் ஏன் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார் என்று கேட்டவர்கள் சிலர்தான். அதை எழுதியவர் நீல்ஸ் ஹோரபோ என்ற டேனிஷ்காரர். அவருக்கு முன்னால் ஹாம்பர்க் நகரத்தின் மேயராக இருந்த ஆண்டர்சன் என்பவர் ஐஸ்லாந்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி வைத்துவிட்டுக் காலமானார். 1746-இல் அது அச்சாயிற்று. ஆண்டர்சன் ஐஸ்லாந்தில் கால் வைத்தவர் அல்ல. துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளிடமும் வியாபாரிகளிடமும் கேட்டதை எழுதினார். மாலுமிகள் மண்ணில் இறங்கியதும் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நூலைப் படித்தால் ஐஸ்லாந்து ஜனங்கள் மனிதர்கள்தாமா என்றே சந்தேகம் வந்துவிடும். ஹோரபோ தீவிலேயே தங்கி எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டு, ஆண்டர்சன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதினார். ஆண்டர்சன் பாம்புப் பேச்சை எடுத்திருந்தபடியால் இவரும் எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் சமாசாரம்.

போகாதவன் எழுதுவதும், போனவன் மறுப்பதும், அங்கேயே பிறந்தவன் குறுக்கே வந்து இரண்டும் தப்பு என்பதுமாகவே ஐஸ்லாந்தின் யாத்திரை இலக்கியம் வளர்ந்திருக்கிறது. அதனால்தான் அதைப் படிக்கும்போது பூகோளம் படிக்கிற அலுப்பு தட்டுவதில்லை. வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பது போல் இருக்கிறது.

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆர்க்டிக் வட்டத்தைத் தலை தொடும்படி கிடக்கிறது இந்தத் தீவு. பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைக் காட்டிலும் சற்றுச் சிறியது. பூமியின் மேலோட்டில் இரண்டு பெரிய தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும் விரிசலின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் கீழே நெருப்பு. வடக்கே இருப்பதால் மேலே பனி. பத்தில் ஒரு பங்கு நிலம் பனிக்கட்டியால் மூடிக் கிடக்கிறது. அந்தப் பனிக்கட்டியின் அடியிலும் எரிமலைகள் இருக்கின்றன.

அங்கே முதன்முதலில் போனவர்கள் அநேகமாக ஐரிஷ் சந்நியாசிகள். 825-இல் டிகுவில் என்ற ஐரிஷ் துறவி ஒரு பூகோள நூல் எழுதினார். அதற்கு 30 வருஷங்களுக்கு முன் வடகோடித் தீவில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை தங்கியிருந்த குருமார்களிடம் அவர் விசாரித்திருக்கிறார். கோடையின் நடுவில் அங்கே இரவு எப்படி இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள்: சூரியன் ஒரு சின்னக் குன்றின் பின்னால் ஒளிந்துகொண்டது போல் சற்றே மறையுமாம், அந்த வேளையிலும் சட்டையில் பேன் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருக்குமாம். நடுநிசிச் சூரியனைப் பற்றி எத்தனையோ மகாகவிகள் பாடியிருக்கலாம். இந்தப் பேனுக்கு இணையான அத்தாட்சியை நான் இதுவரை கண்டதில்லை. அங்கே உண்மையாகவே இருந்தவன்தான் அப்படிச் சொல்லுவான்.

பிறகு நார்வேக்காரர்கள் வந்தார்கள். பிளோக்கி என்பவன் ஆடுமாடுகளுடன் வந்து, கோடை முழுவதும் மீன் பிடிக்கிற குஷியில் வைக்கோல் சேர்த்து வைக்க மறந்துவிட்டான். குளிர்காலத்தில் கால்நடைகள் அத்தனையும் செத்தன. மலை மேல் ஏறிப் பார்த்தான். கடற்கழி முழுவதும் பனிக்கட்டி. மனக்கசப்போடு அவன் வைத்த பெயர்தான் ஐஸ்லாந்து, பனிக்கட்டி நாடு. ஆக, அந்தத் தேசத்தின் பெயரே ஓர் ஏமாந்த யாத்திரிகன் எழுதிய விமர்சனந்தான். 874-இல் இங்கோல்புர் என்பவன் குடும்பத்துடன் வந்து நிலையாகக் குடியேறினான். அவன் தங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றுகளின் ஆவி புகைபோல் எழுந்ததால் ரெய்க்யவிக், அதாவது புகை விரிகுடா என்று பெயராயிற்று. 930-இல் எல்லாரும் திறந்தவெளியில், திங்வெல்லிர் என்ற பாறைச் சமவெளியில் கூடிச் சபை ஏற்படுத்திக்கொண்டார்கள். ராஜா கிடையாது. சட்டத்தை மனப்பாடமாகச் சொல்ல ஒருவர், கேட்க ஊரார். 13-ஆம் நூற்றாண்டில் அவர்கள் தங்கள் முன்னோர் கதைகளைத் தங்கள் பாஷையிலேயே வசனமாக எழுதினார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: ஐரோப்பாவில் நாவல் என்ற பேச்சே எழாத காலத்தில், ஒரு சொல் மிகாமல் கதை சொல்லத் தெரிந்திருந்தது அந்த ஆட்டுக்காரர்களுக்கு.

ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு இதொன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஹெக்லா மலை ஒன்றுதான். 1104-இல் அது வெடித்து அருகேயிருந்த ஒரு பள்ளத்தாக்கையே சாம்பலில் மூழ்கடித்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய மடாலயங்களில் ஹெக்லாதான் நரகத்தின் வாசல் என்று எழுதி வைத்துவிட்டார்கள். பாவிகளின் ஆத்மாக்கள் அதற்குள் விழுகின்றன என்றும், அவை அலறுவது வெகுதூரம் கேட்கிறது என்றும் கதை வளர்ந்தது. கடலில் பனிப்பாறைகள் உராயும் ஓசையைக்கூட ஆத்மாக்களின் கணக்கிலேயே எழுதினார்கள்.

நரகத்தின் வாசலில் குடியிருக்கிறவன் என்று உலகமே சொன்னால் ஒருவனுக்கு எப்படி இருக்கும்? 1593-இல் ஆர்ன்கிரிமுர் யோன்சன் என்ற இளம் பாதிரியாருக்கு ரோஷம் வந்தது. அறிஞர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்று லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதி, கோபன்ஹேகனில் அச்சிட்டார். வெளியூரார் தம் தேசத்தைப் பற்றி எழுதிய கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதைத்துத் தள்ளினார். ஹோரபோவுக்கு 150 வருஷம் முந்தியே நடந்தது இது.

ஆனாலும் மலை மேல் ஏறிப் பார்த்து வரும் தைரியம் யாருக்கும் வரவில்லை. 1750-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி அதுவும் நடந்தது. எக்கெர்ட் ஓலாப்சன், பியார்னி பால்சன் என்ற இரண்டு ஐஸ்லாந்து வாலிபர்கள், கோபன்ஹேகனில் படித்தவர்கள், ஹெக்லாவின் உச்சிக்கு ஏறினார்கள். நரகத்தைக் காணோம், பனியும் நிசப்தமும் இருந்தன. பிறகு அவ்விருவரும் 1752 முதல் 1757 வரை தீவு முழுவதும் சுற்றி ஆராய்ந்தார்கள். அவர்கள் யாத்திரை நூல் 1772-இல் வெளிவந்தது. எக்கெர்ட் அதைப் பார்க்கவில்லை. நான்கு வருஷங்களுக்கு முன்பே அவரும் அவருடைய புது மனைவியும் சென்ற படகு கடலில் கவிழ்ந்து இருவரும் மாண்டுபோனார்கள்.

அதே 1772-இல் ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். ஜோசப் பாங்க்ஸ், மாலுமி குக்குடன் உலகத்தைச் சுற்றியவர். குக்கின் இரண்டாம் பிரயாணத்துக்கும் தயாராகி, கப்பலில் தமக்கு வேண்டிய இட வசதி கிடைக்கவில்லை என்று கோபித்து விலகிக்கொண்டார். சேர்த்து வைத்த ஆட்களையும் சித்திரக்காரர்களையும் என்ன செய்வது? ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போனார். செப்டம்பர் மாதக் கடுங்குளிரில், ஆடையெல்லாம் பனி பிடித்து விறைத்துப்போக, ஹெக்லாவில் ஏறினார்கள். ஏறினது வீரந்தான், ஆட்சேபணை இல்லை. ஆனால் இறங்கி வந்து, இந்த உச்சியை முதன்முதலில் மிதித்தவர்கள் நாங்களே என்று எழுதினார்கள்! உள்ளூர்க்காரன் 22 வருஷம் முந்தி ஏறியது கணக்கில் இல்லை. யாத்திரிகர்களின் கணக்கு என்றைக்கும் இப்படித்தான். கப்பலுக்குப் பாரமாக ஏற்றிக்கொண்டு போன ஹெக்லாவின் எரிமலைக் கற்கள் பிறகு லண்டனில் செல்ஸி மூலிகைத் தோட்டத்தில் ஒரு பாறைத் திட்டாக அடுக்கப்பட்டன.

பாங்க்ஸ் போய்ப் பத்தாண்டு கழிந்து வந்தது உண்மையான நரகம். அதைப் பார்க்க எந்த யாத்திரிகரும் அங்கே இல்லை.

1783, ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. பெந்தெகொஸ்தே திருநாள். வானம் தெளிவாக இருந்தது. காலை ஒன்பது மணி சுமாருக்கு வடக்கேயிருந்து ஒரு கரும்படலம் எழுந்து தென் ஐஸ்லாந்தின் கிராமங்களை மூடிற்று. லாக்கி என்ற மலைக்கு இருபுறமும் பூமி 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட வாய்கள் திறந்து, எட்டு மாதம் நெருப்பைக் கக்கின. நெருப்பு கொன்றவர்கள் மிகக் குறைவு. கொன்றது விஷப் புகை. அதிலிருந்த புளோரின் புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற ஆடுமாடுகளின் எலும்புகளில் கட்டி கட்டியாக வீங்கிற்று. தீவின் ஆடுகளில் பத்தில் எட்டு மாண்டன, மாடுகளில் பாதி. பிறகு மனிதர்கள். இரண்டு மூன்று வருஷங்களுக்குள் ஐந்தில் ஒருவர் பட்டினியாலும் நோயாலும் போனார்கள். மூடுபனிப் பஞ்சம் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1703-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் 50,358 பேர் இருந்த தேசம் நாற்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. மிஞ்சினவர்களை டென்மார்க்குக்கே கொண்டுபோய்விடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. புகை ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்த விசித்திரமான உலர்ந்த மூடுபனிக்கு ஐஸ்லாந்து எரிமலை காரணமாயிருக்கலாம் என்று பாரிஸிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் எழுதினார். அந்த வருஷம் நைல் நதியில் வெள்ளம் குறைந்ததற்கும் லாக்கிக்கும் தொடர்பு உண்டு என்று இக்கால விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் நடந்த இடத்தின் நடுவில் ஒரு மனிதர் பேனாவும் கையுமாக இருந்தார். யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற கிராமத்துப் பாதிரியார். ஜூலை 20-ஆம் தேதி, நெருப்பாறு அவர் கோயிலை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருக்கும்போது, ஜனங்களைக் கூட்டிக் கதவைச் சாத்திப் பிரார்த்தனை நடத்தினார். இடியும் நடுக்கமும் நிற்கவில்லை. ஒருவரும் எழுந்து ஓடவில்லை. முடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். நெருப்புக் குழம்பு பழைய இடத்திலேயே உறைந்து நின்றிருந்தது. அதைத் தெய்வத்தின் செயல் என்பவர்களும் உண்டு. ஆறுகளின் தண்ணீர் பட்டு அணைந்தது என்பவர்களும் உண்டு. எனக்கு அந்த அற்புதத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதற்குப் பின் நடந்த காரியம். நிவாரணப் பணத்தை முத்திரை வைத்த பெட்டியில் அவரிடம் கொடுத்து, ஜில்லா அதிகாரியிடம் சேர்ப்பிக்கச் சொன்னார்கள். வழியெல்லாம் பட்டினி கிடந்த குடியானவர்கள். பாதிரியார் முத்திரையை உடைத்தார். மாடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணத்தை எடுத்து விநியோகித்தார். மேலிடம் விடுமா? கண்டனமும் அபராதமும் விதித்தது. அவர் மனைவியும் அந்தப் பஞ்ச காலத்திலேயே, 1784-இல் இறந்துபோனாள். அவர் தம் பெண்களுக்காக எழுதிவைத்த சுயசரிதையையும், நெருப்பின் சரித்திரத்தையும் விட்டுவிட்டு 1791-இல் காலமானார். ஐஸ்லாந்தைப் பற்றி வந்த யாத்திரை நூல்கள் அனைத்தையும் ஒரு தட்டிலும் அந்த இரண்டையும் மறு தட்டிலும் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி 1809-க்கு வருவோம். இது நாடகத்துக்குரிய வருஷம். இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் யுத்தம். தீவுக்குத் தானியக் கப்பல்கள் சரியாக வரவில்லை. பெல்ப்ஸ் என்ற ஆங்கிலேய சோப்பு வியாபாரி கொழுப்பு வாங்கக் கப்பலுடன் வந்தார். வியாபாரத்துக்கு இடையூறு செய்த டேனிஷ் கவர்னரைப் பிடித்துக் கப்பலில் அடைத்துவிட்டு, கூட வந்த யோர்கன்சன் என்ற டேனிஷ் சாகசக்காரனை நாட்டுக்குத் தலைவனாக்கினார். இவன் சுதந்திரப் பிரகடனம் செய்தான். நீலத் துணியில் மூன்று வெள்ளை மீன் போட்டுக் கொடி ஏற்றினான். இரண்டு மாதம் ஆண்டான். ஓர் ஆங்கிலப் போர்க்கப்பல் வந்ததும் ராஜ்யம் முடிந்தது. கோடை நாய் நாட்களின் ராஜா என்று ஐஸ்லாந்தார் இன்றும் அவனைக் கேலியாகச் சொல்வதுண்டு. பிற்பாடு நாடு கடத்தப்பட்டு டாஸ்மேனியாவில் 1841-இல் செத்தான்.

அதே கப்பலில் வந்தவர் வில்லியம் ஹூக்கர் என்ற 24 வயதுத் தாவர சாஸ்திரி. விதெய் என்ற சிறு தீவில் வசித்த முதிய மாஜி கவர்னர் ஸ்டெபென்சன் அவருக்கு விருந்து வைத்தார். பாங்க்ஸை நன்கு அறிந்தவர் அந்தக் கிழவர். பாங்க்ஸின் சிநேகிதர் என்றால் உபசாரத்துக்குக் கேட்க வேண்டுமா? முதலில் சவ்வரிசியும் திராட்சை மதுவும் சேர்ந்த கஞ்சி. அது ஒன்றே சாப்பாடு என்று நினைத்து எல்லாரும் இரண்டு தட்டுக் குடித்துவிட்டார்கள். பிறகு இரண்டு பெரிய ஸால்மன் மீன். பிறகு ஆளுக்கு ஒரு டஜன் கடற்பறவை முட்டை. இனி வராது என்று மூச்சு விடும்போது பாதி ஆடு வறுவலாக வந்து சேர்ந்தது! அதன் மேல் பலகாரம். அதன் மேல் மது, காப்பி, மறுபடி மது, தேநீர். வேண்டாம் என்று சொன்னால் கிழவர் மனம் நோகும். நம் பக்கத்துச் சம்பந்தி விருந்தில் அகப்பட்டவர்களுக்கு ஹூக்கரின் அவஸ்தை புரியும். ரொட்டிக்கு மாவு கிடைக்காத வருஷத்தில் நடந்த விருந்து அது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்புகையில் ஹூக்கரின் கப்பல் தீப்பற்றி, சேர்த்த செடிகளும் குறிப்புகளும் அநேகமாக எல்லாம் எரிந்துபோயின. நினைவிலிருந்தே தம் நூலை எழுதினார். பயணிகளைத் தப்புவித்தவன் யார் தெரியுமா? பின்னால் வேறு கப்பலில் வந்த அந்த மாஜி ராஜாதான்.

இதன் பிறகு யாத்திரிகர்கள் வரிசையாக வந்தார்கள். ரெய்க்யவிக் 1786-இல் நகர உரிமை பெற்றபோது அதில் 167 பேர்தான் இருந்தார்கள்; ஆகையால் நகரத்தைப் பற்றி எழுத அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. எல்லாரும் குதிரையேறிக் கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றுக்கு ஓடினார்கள். ஊற்று தன் இஷ்டப்படிதான் பீறிடும். அதற்காக நாட்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடப்பார்கள். பொறுமையில்லாதவர்கள் பக்கத்திலிருந்த ஸ்ட்ரோக்குர் ஊற்றில் மண்கட்டிகளை வெட்டிப் போடுவார்கள்; அது அஜீரணம் வந்தது போல் கக்கும். ஸ்ட்ரோக்குர் என்றால் தயிர் கடையும் பானை என்று பொருள். ஊற்று ஏன் பீறிடுகிறது என்று பொறுமையாகக் குழாய்க்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தவர் பன்ஸன் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், 1846-இல். மேலிருக்கும் தண்ணீரின் கனம் அழுத்துவதால் அடித்தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. சற்று மேலெழும்பி அழுத்தம் குறைந்ததும் ஒரேயடியாக ஆவியாகிக் குதிக்கிறது என்றார். குக்கர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1894-இல் அந்த நிலத்தை ஒரு வெளிநாட்டார் விலைக்கு வாங்கி, வேலி போட்டுப் பார்க்கக் காசு வசூலித்தார். 1935-இல்தான் அது ஐஸ்லாந்து ஜனங்களிடம் திரும்பிற்று.

வந்தவர்களில் நமக்குத் தெரிந்த முகங்களும் உண்டு. 1856-இல் தம் சொந்தப் பாய்மரக் கப்பலில் வந்து, ரெய்க்யவிக் விருந்தில் மதுவின் உற்சாகத்தில் லத்தீனில் பிரசங்கம் செய்த 30 வயது டஃபரின் பிரபு, பின்னால் காங்கிரஸ் மகாசபை பிறந்த சமயத்தில் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். 1845-இல் தனியாக வந்து ஹெக்லாவில் ஏறிய வியன்னா மாது இடா பைபர், அடுத்த யாத்திரையில் இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தாள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, 40 வயதுக்கு மேல் உலகம் சுற்றப் புறப்பட்ட தைரியசாலி அவள். ஆனால் ஐஸ்லாந்தார் களங்கமற்ற புராண மனிதர்களாக இருப்பார்கள் என்று கற்பனை செய்துகொண்டு போய், அழுக்கும் ஆசையும் உள்ள சாதாரண மனிதர்களைக் கண்டதும் கோபம் கொண்டுவிட்டாள். அவள் இறங்கி வந்த இரண்டு மாதத்துக்கெல்லாம் ஹெக்லா வெடித்தது! 1847-இல் உதகமண்டலத்துக்கு வந்து நீலகிரியைக் கிண்டல் செய்து புத்தகம் போட்ட ரிச்சர்ட் பர்ட்டன், 1872-இல் கந்தகச் சுரங்கம் பார்க்க ஐஸ்லாந்துக்குப் போனார். மற்ற யாத்திரிகர்கள் எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று அங்கேயும் அதே கிண்டல்தான். எல்லாரையும்விடப் பிரசித்தி பெற்ற ஐஸ்லாந்து யாத்திரையை எழுதிய ஜூல்ஸ் வெர்ன், அந்தத் தீவுக்குப் போனதே இல்லை. 1864-இல் தம் கதாபாத்திரங்களை அங்குள்ள ஓர் எரிமலை வாய் வழியாகப் பூமிக்குள் இறக்கினார். நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. ஹாம்பர்க் மேயருக்குக் கிடையாது.

இவர்கள் நம்மைப் பார்த்ததற்கும் முந்தி ஓர் ஐஸ்லாந்துக்காரர் நம்மைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யோன் ஓலாப்சன் என்ற குடியானவர் மகன், 1615-இல் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி வெளியேறி, டேனிஷ் அரசரிடம் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1623-இல் தரங்கம்பாடிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதியுடன் டேனிஷ்காரர் அதைக் கட்டி மூன்று வருஷந்தான் ஆகியிருந்தது. வெடிமருந்து விபத்தில் கை சிதைந்து ஊர் திரும்பினார். முதுமையில், 1661-இல், தம் கதையை எழுதினார். சோழ மண்டலக் கரையின் ஜனங்களையும் அவர்கள் வழக்கங்களையும் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறாரே தவிர, நரகத்தின் வாசல் என்று எழுதவில்லை.

1871-இல் வந்த வில்லியம் மாரிஸ் வேறு தினுசு. கவிஞர், சித்திர வேலைக்காரர். ஐஸ்லாந்துப் பாஷையைக் கற்று, பழங்கதைகளை மொழிபெயர்த்துவிட்டே புறப்பட்டார். ஆறு வாரம் மட்டக் குதிரைகளில் சுற்றினார். கூட்டத்துக்குச் சமையல்காரரும் அவரே. புல் மூடிய மண் வீடுகளில் வாழ்ந்த ஏழைக் குடியானவர்கள், அறுநூறு வருஷத்துக்கு முன் எழுதிய கதைகளின் ஆட்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல் பேசினார்கள். இந்த மேட்டில்தான் அவனை வெட்டினார்கள் என்று கை நீட்டிக் காட்டினார்கள். கொடிய வறுமைகூட, வகுப்புக்கு வகுப்பு உள்ள ஏற்றத்தாழ்வை நோக்கும்போது சின்னத் தீமைதான் என்ற பாடத்தை அங்கே படித்ததாகப் பின்னால் எழுதினார்.

1875-இல் நடுத் தீவிலிருக்கும் அஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலாக்கிற்று. குடும்பம் குடும்பமாகக் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். மலையின் நடுவில் பள்ளம் இறங்கி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஓர் ஏரி உண்டாயிற்று. 1907-ஆம் ஆண்டு ஜூலையில் வால்டர் பான் க்னேபல் என்ற ஜெர்மன் பூகர்ப்ப சாஸ்திரியும், மாக்ஸ் ருட்லோப் என்ற சித்திரக்காரரும் துணிப்படகில் அந்த ஏரியில் இறங்கினார்கள். வேறிடத்தில் வேலையாயிருந்த மூன்றாவது தோழர் திரும்பி வந்து பார்த்தபோது இருவரையும் காணோம். படகையும் காணோம். ஜெர்மனியில் வதந்திகள் கிளம்பின.

க்னேபலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் இனா பான் கிரும்கோ. அவள் மறு வருஷம் 1908-இல் ஹன்ஸ் ரெக் என்ற இளம் பூகர்ப்ப நிபுணருடனும் ஐஸ்லாந்து வழிகாட்டியுடனும் குதிரைகளில் புறப்பட்டாள். புல் முளைக்காத லாவாப் பாலைவனத்தைக் கடந்து அஸ்க்யாவை அடைந்தாள். அதுவரை வந்த அத்தனை யாத்திரிகரும் மலையைத் தேடி வந்தவர்கள். இவள் ஒரு மனிதனைத் தேடி வந்தாள். கரையெல்லாம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கரைமேட்டில் கற்களை அடுக்கி ஒரு நினைவுக் குவியல் எழுப்பிவிட்டுத் திரும்பினாள். ஊர் போய் அந்தப் பிரயாணத்தைப் புத்தகமாக எழுதினாள். 1912-இல் ஹன்ஸ் ரெக்கையே மணந்துகொண்டாள்.

கற்குவியல் அங்கே இருக்கிறது. ஏரி இதுவரை அவ்விருவரில் ஒருவரையும் திருப்பித் தரவில்லை.